பருப்பு வேகாத வீடு

2002 ஆவணியில் கல்யாணம் முடிந்து கோயம்புத்தூரிலிருந்து சென்னை மேடவாக்கத்துக்கு வந்த மருமகளுக்கு, முதல் வாரத்திலேயே கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தது துவரம் பருப்பு. குக்கர் நாலு விசில் அடித்தது. மூடியைத் திறந்தால் பருப்பு அப்படியே முழித்துக்கொண்டு கிடந்தது. இன்னும் மூன்று விசில் விட்டார். ஓரங்கள் மட்டும் கரைந்தன. நடுப்பருப்பு பல்லில் நறநறத்தது. சாதத்தில் ஊற்றிய சாம்பாரில் தண்ணீர் ஒரு பக்கம் ஓட, பருப்பு ஒரு பக்கம் தங்கியது.

"கோயம்புத்தூர்ல பருப்பு வேக வைக்கக்கூடவா சொல்லித் தரல?" என்று கேட்டார் அத்தை. கோபமாகக் கேட்கவில்லை. நிஜமான ஆச்சரியத்தில் கேட்டார். மருமகளுக்கு அதுதான் கூடுதலாக வலித்தது.

அந்த மருமகள் பி.எஸ்சி. வேதியியல் படித்தவர். அடுத்த வருடமே பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் வேலைக்குச் சேர்ந்ததால் தெருவே அவரை 'டீச்சர்' என்று கூப்பிட ஆரம்பித்தது. இங்கேயும் அந்தப் பெயரே இருக்கட்டும்.

பருப்பு பழசாக இருக்குமோ என்று கடையை மாற்றிப் பார்த்தார்கள். முதல் நாள் ராத்திரியே ஊற வைத்தார்கள். ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போட்டதும் பருப்பு குழைந்தது. ஆனால் நாக்கில் சோப்பு தட்டியது மாதிரி ஒரு ருசி. மாமா தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். பருப்பு வேகாமல் போனதற்கான காரணம் குழாயிலேயே வந்துகொண்டிருந்தது, ஆனால் அந்த வீட்டில் யாருமே குழாயைத் திரும்பிப் பார்க்கவில்லை.

குடும்பம் அதற்கு முன்பு இருபது வருடம் திருவல்லிக்கேணியில் ஒண்டுக்குடித்தனம். மெட்ரோ தண்ணீர் அடிபம்பில் வரும். வராத நாளில் தெருமுனை லாரி. கடன் வாங்கி மேடவாக்கத்தில் சொந்த வீடு கட்டியபோது 180 அடி போர் போட்டார்கள். பீய்ச்சி அடித்த தண்ணீரைப் பார்த்து எல்லோரும் கைதட்டினார்கள். பளிங்கு மாதிரி இருந்தது. அந்தத் தெளிவுதான் எல்லோரையும் ஏமாற்றியது. அதில் கரைந்திருந்த கால்சியமும் மக்னீசியமும் கண்ணுக்குத் தெரியாது, வாடை வராது. வாயில் வைத்தால் மட்டும் லேசாகச் சப்பென்று இருக்கும்.

கோவைக்காரர்களுக்குத் தண்ணீரில் இரண்டு ஜாதி உண்டு என்பது பிறவியிலேயே தெரியும். நல்ல தண்ணி, உப்புத் தண்ணி. டீச்சர் பிறந்த வீட்டில் இரண்டுக்கும் தனித்தனிக் குழாய். நல்ல தண்ணி என்றால் சிறுவாணி. அணை இருப்பது கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில். தண்ணீர் மலையைக் குடைந்து கோவைக்கு வருகிறது. அதைக் கொண்டுவரப் பாடுபட்டவர்களில் முக்கியமானவரான இரத்தினசபாபதி முதலியாரின் பெயரைத்தான் ஆர்.எஸ். புரம் இன்றும் சுமக்கிறது. காட்டில் பெய்யும் மழை ஓடையாக ஓடி அணையில் தேங்கி, மண்ணுக்குள் நெடுநாள் தங்காமல் குழாய்க்கு வந்துவிடுவதால் அதில் பாறையின் சாரம் குறைவு. அந்தத் தண்ணீரில் குளித்தால் சோப்பு வழுக்கிக்கொண்டே இருக்கும்; எத்தனை சொம்பு ஊற்றினாலும் போகாதது போலத் தோன்றும். டீச்சருக்கு அந்த வழுக்கல் உலகம் முழுவதற்கும் பொது என்ற நினைப்பு. மேடவாக்கத்தில் முதல் குளியலிலேயே சோப்பு கையில் நுரைக்காமல் வெண்ணெய்க் கசடு மாதிரித் திரிந்தது.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் கதை வேறு. மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்கிருக்கும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. பாறை இடுக்குகளில் வருடக்கணக்கில் தங்கி, கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து எடுக்கிறது. எவ்வளவு காலம் உள்ளே இருக்கிறதோ அவ்வளவு கடினத்தன்மை ஏறும். பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம் அடியில் கிடப்பது சார்னோக்கைட் என்ற கரும்பாறை. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறையில் இருந்த அதே வகைக் கல்லைப் பார்த்துத்தான் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் அந்தப் பெயரை வைத்தார். சென்னையின் தென்புறநகரில் போர் போட்ட பல வீடுகளுக்கு இந்தப் பாறையின் விரிசல்களில் ஊறிய தண்ணீர்தான்.

பருப்பு விஷயத்துக்கு வருவோம். பருப்பின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருப்பது பெக்டின் என்ற இயற்கைப் பசை. வேகும்போது அது கரைந்து விலகினால்தான் பருப்பு மசியும். தண்ணீரில் கால்சியம் மிகுந்திருந்தால் அது பெக்டினைப் பிடித்து இறுக்கிவிடுகிறது. எத்தனை விசில் விட்டாலும் அந்தப் பிடி லேசில் விடாது. ஆப்ப சோடா அந்தப் பிடியைத் தளர்த்தும். கூடவே பருப்பிலிருக்கும் பி1 வைட்டமினையும் அழிக்கும். அடுப்படியில் நிற்கும் பெண்ணின் கைப்பக்குவத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. போர் தண்ணீரை நம்பி எழுந்த புறநகர் வீடுகளில் எத்தனை பெண்கள் இந்தப் பேச்சை வாங்கியிருப்பார்கள் என்று நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

துணியிலும் அதே கதை நடந்தது. மாமாவின் வெள்ளை வேட்டி மூன்றாவது துவையலில் பழுப்பேறியது. கொடியில் காய்ந்த துண்டு அப்பளம் மாதிரி விறைத்து நின்றது. சோப்பு நுரைப்பதற்கு முன்னால் தண்ணீரிலுள்ள கால்சியம் அதைப் பிடித்துக் கரையாத சாம்பல் நிறக் கசடாக்கிவிடும். அந்தக் கடன் தீர்ந்த பிறகு மிஞ்சும் சோப்புதான் அழுக்கைத் தொடும். கசடோ துணி இழைகளுக்குள் போய் உட்காரும். ஒரு கட்டி சோப்பில் பாதி தண்ணீருக்கே போனது. "பொண்ணு சோப்பை இப்படிக் கரைக்குதே" என்ற பேச்சும் டீச்சர் காதில் விழுந்தது.

திருப்பம் ஐப்பசியில் வந்தது. அத்தைக்குப் பிறந்த ஊர் ராமநாதபுரம் பக்கம். மழை இருட்டிக்கொண்டு வந்த ஒரு மத்தியானம், அவர் மாமாவின் பழைய வேட்டி ஒன்றைத் துவைத்துக் காயவைத்து எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார். நாலு மூலையிலும் கொடிக்கம்பியில் கட்டி, நடுவில் ஒரு கூழாங்கல்லைப் போட்டு, கீழே பித்தளை அண்டாவை வைத்தார். முதல் கால் மணி நேரத் தண்ணீரைக் கீழே கொட்டினார். பிறகு பிடித்த தண்ணீரில் மறுநாள் பருப்பு போட்டார். சும்மா, ஊரில் செய்த பழக்கத்தில்.

மூன்று விசில். பருப்பு கரண்டியின் பின்பக்கத்தால் தட்டியதுமே மாவாகக் கரைந்தது.

அத்தை அன்று எதுவும் சொல்லவில்லை. சாயங்காலம் எதிர்வீட்டு அம்மாவிடம் காம்பவுண்டு சுவர் மேல் கை வைத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "எங்க மருமக மேல ஒரு தப்பும் இல்லத்தா. தண்ணி கெட்ட தண்ணி" என்றார். டீச்சர் அந்த வாக்கியத்தை இன்றும் அதே ராகத்தில் சொல்லிக் காட்டுவார்.

தண்ணீர் எவ்வளவு கெட்டது என்று அளந்து பார்க்க அவருக்கு அடுத்த கோடை வரை பொறுக்க வேண்டியிருந்தது. 2003 மே மாதம், லீவில் பூட்டியிருந்த பள்ளி ஆய்வகத்தைத் தலைமை ஆசிரியையிடம் அனுமதி வாங்கித் திறந்தார். கல்லூரியில் செய்த ஈடிடிஏ பரிசோதனை அவருக்குக் கை மறக்கவில்லை. 50 மி.லி. போர் தண்ணீர், அதில் கொஞ்சம் அம்மோனியாக் கரைசல், எரியோக்ரோம் பிளாக் டி நிறங்காட்டி ஒரு துளி. தண்ணீர் திராட்சைச் சாறு போலச் சிவந்தது. பியூரெட்டிலிருந்து ஈடிடிஏ கரைசல் சொட்டுச் சொட்டாக இறங்கியது. 10 மி.லி., சிவப்பு. 20, சிவப்பு. 28-ஐத் தாண்டும்போது ஊதா கலந்தது. 29-ல் சட்டென்று நீலம். லிட்டருக்கு 580 மில்லிகிராம். மாடியில் பிடித்து பாட்டிலில் மூடி வைத்திருந்த மழைத் தண்ணீரில் இரண்டாவது சொட்டிலேயே நீலம் வந்துவிட்டது.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர் விதி, 2012 திருத்தத்தின்படி, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது. வேறு வழியே இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். குடிப்பதால் உடம்புக்குக் கெடுதி என்று பயந்து போட்ட எல்லை இல்லை இது. உலக சுகாதார நிறுவனம் கடினத்தன்மைக்கு உடல்நலம் சார்ந்த உச்சவரம்பு எதையும் வைக்கவில்லை. கால்சியம், மக்னீசியம் இரண்டும் உடம்புக்கு வேண்டியவை. பாதிப்பு வீட்டிலிருக்கும் பாத்திரத்துக்கும் இயந்திரத்துக்கும்தான்.

டீச்சர் அன்று நோட்டில் ஒரு கணக்குப் போட்டார். வீட்டில் ஒரு நாளைக்கு 500 லிட்டர் போர் தண்ணீர் செலவு. லிட்டருக்கு 580 மில்லிகிராம் என்றால் நாளொன்றுக்கு 290 கிராம். வருடத்துக்கு 106 கிலோ. இரண்டு மூட்டை சிமென்ட்டின் எடையைவிடக் கொஞ்சம் அதிகமான சுண்ணச்சத்து வருடா வருடம் அந்த வீட்டுக் குழாய்கள் வழியாக உள்ளே நுழைகிறது. பெரும்பகுதி சாக்கடையோடு போய்விடும். மிச்சம் எங்கே தங்குகிறது என்பதுதான் கேள்வி.

அது தங்குவதற்குப் பிடித்த இடம் சூடான இடம். சர்க்கரை சூடான தண்ணீரில் நன்றாகக் கரையும், சுண்ணம் நேர்மாறு. தண்ணீர் கொதிக்கக் கொதிக்க அதிலிருக்கும் பைகார்பனேட் உடைந்து, கரியமில வாயு வெளியேற, கால்சியம் கார்பனேட் வெள்ளைத் தூளாகப் பிரிந்து படிகிறது. அடுப்படியில் வெந்நீர்ப் பாத்திரத்தின் உள்பக்கம் அப்பியிருக்கும் வெள்ளைப் படலம் இதுதான். முதல் மார்கழியில் பக்கெட்டில் போட்ட ஹீட்டர் ராடு மூன்றே வாரத்தில் சாந்து பூசின மாதிரி வெளுத்து, மாசி பிறப்பதற்குள் வெடித்தது.

அப்புறம் வாங்கியதுதான் 25 லிட்டர் கெய்சர். 2004-ல் அது அந்த வீட்டுக்குப் பெரிய செலவு. ஒன்றரை வருடத்தில் காயில் போனது. வந்து மாற்றிக் கொடுத்த எலக்ட்ரீஷியனை, அடுத்த ஆறு மாதத்தில் புதுக் காயிலும் போனபோது, டீச்சரின் கணவர் "டூப்ளிகேட் சாமான் போட்டு ஏமாத்திட்ட" என்று வாசலிலேயே நிற்க வைத்துத் திட்டி அனுப்பினார். இரண்டாவதாக வந்த மெக்கானிக் வயதானவர், மடிப்பாக்கத்தில் சின்னக் கடை வைத்திருந்தவர். கெய்சரில் கை வைப்பதற்கு முன்னால் அதைப் போடச் சொல்லி, காதை அதன் பக்கம் வைத்துக் கேட்டார். உள்ளே யாரோ சட்டியில் சோளம் பொரிப்பது மாதிரி டப டபவென்று சத்தம்.

"டீச்சர், உங்க வீட்டுக் குழாயில வர்றது போர் தண்ணிதானே?" என்றார். முதல் கேள்வியே தண்ணீரைப் பற்றி.

மெயினை அணைத்து, வால்வை மூடி, தண்ணீரை வடித்தார். அடிமூடியின் ஆறு நட்டுகளையும் ஸ்பேனரால் கழற்றினார். தட்டு இளகியது, ஆனால் காயில் வெளியே வரவில்லை. போன வழியே திரும்ப முடியாத அளவுக்கு அதன் மேல் சுண்ணச் செதில் பருத்துவிட்டிருந்தது. ஸ்க்ரூ டிரைவரை ஓட்டை வழியாக விட்டுக் குத்திக் குத்தி உடைத்தார். கடைசியில் வெளியே வந்த காயில் செம்பு என்றே அடையாளம் தெரியவில்லை. பவழப்பாறைத் துண்டு மாதிரி இருந்தது. உடைந்த இடத்தில் உற்றுப் பார்த்தால் மரத்தின் வளையம் போல அடுக்குகள்: வெள்ளை, அதன் மேல் இரும்புத் துரு கலந்த காவி, மறுபடி வெள்ளை. பிறகு தொட்டிக்குள் கையை விட்டு, கீழே படிந்திருந்ததை வாரி வாரி விரித்த செய்தித்தாளில் போட்டார். ஒரு சாப்பாட்டுத் தட்டு நிறைய வந்தது.

"இது கெய்சர் இல்ல டீச்சர், சுண்ணாம்புக் காளவாய். அந்தப் பையன் மேல தப்பில்ல. ஒரிஜினல் போட்டாலும் இந்தத் தண்ணிக்கு இதே கதிதான்."

டீச்சர் ஒரு செதிலை எடுத்துத் தட்டில் வைத்து எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தார். சுர்ரென்று நுரைத்தது. அத்தை குனிந்து பார்த்து, "வெத்தலைச் சுண்ணாம்பேதான்" என்றார். ஏறக்குறைய சரி. வெற்றிலைச் சுண்ணாம்பு காற்றில் காய்ந்து இறுகினால் இதே கால்சியம் கார்பனேட்தான்.

காயில் எரிந்ததன் சூட்சுமம் எளிது. செதில் வெப்பத்தைக் கடத்துவது செம்பு கடத்துவதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. காயில் தன் சூட்டைத் தண்ணீருக்குத் தர முடியாமல் போர்வைக்குள் புழுங்கி, அளவுக்கு மீறிச் சூடேறி அறுந்துவிடுகிறது. செதிலுக்கு அடியில் மாட்டிக்கொண்ட தண்ணீர் ஆவியாகி வெடிப்பதுதான் அந்தச் சோளப் பொரிச் சத்தம். கரண்ட் பில் எகிறுவதற்கும் செதில்தான் காரணம் என்று பலர் சொல்வார்கள். மின்சாரக் கெய்சரைப் பொறுத்தவரை அது முழுக்கச் சரியில்லை. காயில் தண்ணீருக்கு உள்ளேயே இருப்பதால் சூடு வேறெங்கும் போக வழியில்லை. தாமதமானாலும் தண்ணீருக்குத்தான் வந்து சேரும். 2009-ல் அமெரிக்காவின் பேட்டல் ஆய்வு நிறுவனம் கடின நீரில் ஹீட்டர்களை ஓட்டிப் பார்த்தபோதும் இதையே கண்டது: மின் ஹீட்டர்களின் திறன் குறையவில்லை, ஆயுள்தான் குறைந்தது. கேஸ் ஹீட்டர்களில் திறனே சரிந்தது. அங்கே சுடர் வெளியிலிருந்து சுடுகிறது. செதில் தடுத்த சூடு புகையோடு வெளியேறிவிடும். ஆகவே போர் தண்ணீர் வீட்டில் கேஸ் கெய்சர் வைத்திருப்பவர்கள்தான் எரிபொருள் கணக்கைப் பார்க்க வேண்டும்.

மெக்கானிக் இன்னொன்றையும் காட்டினார். காயில் தட்டோடு சேர்ந்து ஒரு மெல்லிய கம்பி வெளியே வந்திருந்தது. "இது மேல மக்னீசியம் ராடு இருந்திருக்கும். ஆனோடு. டேங்குக்கு வர்ற அரிப்பை இது வாங்கிக்கும். தேயணும்னுதான் வெச்சிருக்காங்க. இது தீந்துபோச்சுன்னா அடுத்தது டேங்க்." வாங்கும்போது கடையில் யாரும் இதைச் சொல்லவில்லை. புது ஆனோடு போட்டு, தெர்மோஸ்டாட்டை 75 டிகிரியிலிருந்து 50-க்கு இறக்கி, வருடம் ஒரு முறை புரட்டாசியில் திறந்து சுத்தம் செய்யச் சொல்லிவிட்டுப் போனார். சூடு 60-ஐத் தாண்டும்போது செதில் வேகமாகப் படியும். குளிக்க அவ்வளவு சூடு எதற்கு? அந்தக் கெய்சர் அதன் பிறகு ஒன்பது வருடம் உழைத்தது.

திட்டு வாங்கிப் போன எலக்ட்ரீஷியனை டீச்சரின் கணவர் தேடிப் போய்ப் பார்த்தார். என்ன பேசினார் என்று வீட்டில் சொல்லவில்லை. அடுத்த முறை மோட்டார் ரிப்பேருக்கு அந்தப் பையன்தான் வந்தான்.

வாஷிங் மெஷின் வந்தபோது டீச்சர் உஷாராகவே இருந்தார். தண்ணீர் ஏறவில்லை என்று அது நின்றுபோனால், பின்பக்கக் குழாயைக் கழற்றி, வாயிலிருக்கும் சின்ன வலையை இடுக்கியால் எடுத்து எலுமிச்சைச் சாற்றில் போடுவார். அரை மணியில் கண்கள் திறந்துவிடும். இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் துணி இல்லாமல், மருந்துக் கடையில் வாங்கிய சிட்ரிக் ஆசிட் 100 கிராம் போட்டு வெந்நீரில் ஓடவிடுவார். கம்பெனிப் பெயரில் விற்கும் செதில் நீக்கிப் பொடிகள் பலவற்றில் இருப்பதும் இந்த வகை அமிலம்தான். சோப்புத்தூளில் சோடாவும் சியோலைட்டும் கலப்பது கால்சியத்தை முந்திக்கொண்டு பிடிப்பதற்காகவே. அப்படியும் 580-ஐ அவற்றால் முழுக்கச் சமாளிக்க முடியாது.

ஒரு விஷயத்தில் மட்டும் டீச்சர் கடுமையாக இருந்தார். குளியலறை டைல்ஸில் படியும் வெள்ளைக் கறைக்கு அக்கம்பக்கத்தில் எல்லாரும் ஊற்றுவது ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஊற்றித் தேய்ப்பது வீட்டு வேலைக்கு வரும் பெண்கள், வெறுங்கையால். டீச்சர் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவரின் விரல் நுனிகளில் ரேகையே தேய்ந்துபோயிருந்தது. பக்கத்து அபார்ட்மென்டில் ஒரு பெண் கறை போகவில்லை என்று அமிலத்தின் மேலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவினார். குளோரின் வாயு கிளம்பி, இருமிக்கொண்டே வெளியே ஓடி வந்து படிக்கட்டில் சரிந்தார். அந்தப் பெண்ணைத் தண்ணீர் தெளித்து எழுப்பியது டீச்சர்தான். அன்றிலிருந்து அவர் வீட்டில் அந்தப் பாட்டில் நுழையவில்லை. குளித்து முடித்ததும் சுவரை ஒரு ரப்பர் வைப்பரால் வழித்துவிட்டால் கறை படிவதே பாதியாகக் குறையும். அவ்வளவுதான் வேலை. அதற்காக ஒரு மனுஷியின் கையைக் கரைக்க வேண்டுமா?

2008 வாக்கில் ஆர்ஓ இயந்திரம் விற்க ஓர் இளைஞர் வந்தார். இரண்டு கண்ணாடித் தம்ளர். ஒன்றில் வீட்டுத் தண்ணீர், இன்னொன்றில் அவர் கொண்டுவந்த ஆர்ஓ தண்ணீர். உலோகக் கம்பிகள் பொருத்திய ஒரு கருவியை இரண்டிலும் இறக்கி மின்சாரம் கொடுத்தார். வீட்டுத் தண்ணீர் ஒரே நிமிடத்தில் பச்சையும் பழுப்புமாகக் குழம்பிச் சாக்கடை ஆனது. ஆர்ஓ தண்ணீர் தெளிவாகவே இருந்தது. அத்தை பதறிப்போய், "இதையா குடிச்சிட்டிருந்தோம்!" என்றார். டீச்சர் அடுப்படிக்குப் போய் ஒரு சிட்டிகை உப்பு எடுத்துவந்து, "இதை உங்க தம்ளர்ல போட்டு மறுபடி செய்யுங்க தம்பி" என்றார். ஆர்ஓ தண்ணீரும் அதே போலக் குழம்பியது. அந்த அழுக்கு தண்ணீரில் இருந்தது அல்ல. இரும்புக் கம்பி கரைந்து வந்தது. உப்புள்ள தண்ணீரில் மின்சாரம் பாயும், பாய்ந்தால் கம்பி கரையும். அந்த இளைஞரை டீச்சர் குற்றம் சொல்லவில்லை. அவருக்கே அது தெரிந்திருக்கவில்லை. காபி கொடுத்து உட்கார வைத்து விளக்கினார்.

டிடிஎஸ் மீட்டரை வைத்துக் கடினத்தன்மையைச் சொல்வதும் இதே வகைக் குழப்பம்தான். தண்ணீரில் கரைந்த எல்லா உப்புகளின் மொத்தத்தையும் டிடிஎஸ் தோராயமாகச் சொல்லும். அதில் கால்சியமும் மக்னீசியமும் எவ்வளவு என்று சொல்லாது. அபார்ட்மென்ட்களில் வைக்கிறார்களே சாஃப்ட்னர், அது கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடுகிறது. உள்ளே போகும் தண்ணீருக்கும் வெளியே வருவதற்கும் டிடிஎஸ் ஏறக்குறைய ஒன்றே. கடினத்தன்மையோ பூஜ்யத்தை நெருங்கியிருக்கும். 1935-ல் இங்கிலாந்தில் ஆடம்ஸ், ஹோம்ஸ் என்ற இருவர் இந்த வேலையைச் செய்யும் செயற்கைப் பிசினைக் கண்டுபிடித்தார்கள். பிசின் களைத்ததும் உப்புக் கரைசலால் கழுவினால் மறுபடி உயிர் பெறும். வாட்ச்மேன்கள் மூட்டை மூட்டையாக உப்பைக் கொட்டுவது அதற்குத்தான். உப்பு போடாத வாரம் தண்ணீர் அப்படியே கடினமாக வரும், டிடிஎஸ் மீட்டர் எந்த வித்தியாசமும் காட்டாது. குளிக்கவும் துவைக்கவும் சாஃப்ட்னர் நல்ல ஏற்பாடு. உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அந்தத் தண்ணீரைக் குடிக்காமலிருப்பது நல்லது. செடிக்கும் ஊற்றக் கூடாது. ஆர்ஓ கருவிக்கும் எல்லை வேண்டும்: டிடிஎஸ் 500-க்குக் கீழ் இருக்கும் இடங்களில் அதைத் தடைசெய்ய விதி கொண்டுவரும்படி 2019 மே மாதம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. ஒரு குடம் குடிநீருக்காக அதைவிட அதிகத் தண்ணீரை ஆர்ஓ கழித்துக் கொட்டுகிறது.

டீச்சர் வீட்டில் சாஃப்ட்னர் வைக்கவில்லை. 2003-ல் தமிழகம் முழுக்க எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது, பல வீடுகளில் அதிகாரி வந்து பார்ப்பதற்காக ஒரு குழாயைச் சொருகினார்கள். இங்கே அத்தையே நின்று குழி வெட்ட வைத்தார்: கருங்கல் ஜல்லி, கூழாங்கல், மணல், எல்லாம் முறையாக. மொட்டை மாடியின் ஒரு சொட்டும் தெருவுக்குப் போகாமல் போருக்குப் பக்கத்தில் இறங்கியது. அதற்குப் பிறகு தண்ணீர் எப்படி மாறியது என்பது டீச்சரின் நோட்டில் ஈடிடிஏ அளவாகப் பதிவாகியிருக்கிறது. 2003 மே: 29 மி.லி. சென்னையே மிதந்த 2005 மழைக்குப் பிறகு, டிசம்பரில்: 17. ஏரிகள் வறண்ட 2019 ஜூனில்: 34. அந்த வருடம் லாரித் தண்ணீரையும் சோதித்தார். நடைக்கு நடை வேறு எண். ஒரே லாரி, ஒரே டிரைவர், வேறு வேறு விவசாயக் கிணறுகள்.

அத்தை 2014-ல் காலமானார். பித்தளை அண்டா இன்னும் மாடிப்படிக்கு அடியில்தான் இருக்கிறது. ஐப்பசியில் மட்டும் மேலே போகும்.

பதினோராம் வகுப்புப் பாடத்தில் கடின நீர் வரும். டீச்சர் அந்த நாளில் கெய்சரிலிருந்து எடுத்த செதில் ஒன்றைப் பாட்டிலில் போட்டு வகுப்புக்குக் கொண்டுபோவார். பாடத்தில் வரும் கிளார்க் முறையின் தாமஸ் கிளார்க், ஸ்காட்லாந்துக்காரர், 1841-ல் சுண்ணாம்பைப் போட்டே தண்ணீரிலிருந்து சுண்ணத்தைப் பிரிக்கும் வழிக்குக் காப்புரிமை வாங்கியவர். முள்ளை முள்ளால் எடுப்பது போல. கடினத்தன்மையைச் சோப்புக் கரைசலால் அளக்கும் முறையும் அவருடையதே. அதைப் பிள்ளைகளே செய்யலாம்: மூடியுள்ள பாட்டிலில் தண்ணீர், சோப்புக் கரைசல் சொட்டுச் சொட்டாக, ஒவ்வொரு முறையும் குலுக்கிப் பார்ப்பது, நுரை கலையாமல் நிற்கும் வரை எத்தனை சொட்டு என்று எண்ணுவது.

சில வருடங்களுக்கு முன்பு அந்த வகுப்பு முடிந்ததும் பின்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, "டீச்சர், எங்க அம்மாவுக்குப் பருப்பே வேகறதில்ல. எங்க வீட்டுத் தண்ணியக் கொண்டுவரட்டுமா?" என்று கேட்டாள்.

மறுநாள் காலை ஆய்வக மேசையில் பதினொரு பாட்டில்கள். சோடா பாட்டில், எண்ணெய் பாட்டில், மருந்து பாட்டில். ஒவ்வொன்றின் மேலும் நோட்டுத் தாளைக் கிழித்து ஒட்டி எழுதியிருந்தார்கள்: பாட்டி வீடு, மாடி டேங்க், ஹாஸ்டல், லாரி, கோவில் கிணறு. டீச்சர் பியூரெட்டைக் கழுவி ஸ்டாண்டில் மாட்டி, முதல் பாட்டிலின் மூடியைத் திருகினார்.